கூட்டமாக அசையும் துகள்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், இரவு வானில் நாம் காணும் விண்மீன்கள் அத்தனையும் பிளாஸ்மா உருண்டைகளே என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வெற்றிடக் கலங்களின் அருகே நின்று பிளாஸ்மாவை அளப்பதையே முப்பது ஆண்டுகள் வேலையாகக் கொண்டிருந்த எனக்கு, அவற்றைப் படிப்பது பெரும் மகிழ்ச்சியாக இருந்தது. பலர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டிருப்பதால் சேர்த்து விடை தருகிறேன்.

கேள்வி: பிளாஸ்மா என்றால் மிகவும் சூடான வாயு என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது சரிதானா? (ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்)

பதில்: பாதி சரி. பிளாஸ்மா உண்டாவதற்குச் சூடு ஒரு வழி. ஆனால் பிளாஸ்மாவைப் பிளாஸ்மா ஆக்குவது சூடு அன்று. அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்று, நேர்மின் அயனிகளும் எதிர்மின் எலக்ட்ரான்களும் கலந்து திரியும் நிலை அது. சாதாரண வாயுவில் ஒரு மூலக்கூறு இன்னொன்றின் மேல் மோதும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதையே உணரும். மின்னூட்டம் பெற்ற துகளின் கதை வேறு. மின்விசை தொலைவிலிருந்தும் எட்டும். ஒவ்வொரு துகளும் ஒரே நேரத்தில் சுற்றியுள்ள எத்தனையோ துகள்களின் இழுப்பையும் தள்ளலையும் உணர்ந்துகொண்டே நகர்கிறது. அதனால் அவை கூட்டமாகவே அசைகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. பிளாஸ்மாவின் ஓரிடத்தில் எலக்ட்ரான்களைச் சற்றே ஒரு பக்கமாக விலக்கினால், பின்னால் விடப்பட்ட அயனிகள் அவற்றைத் திரும்ப இழுக்கும். ஓடிவரும் எலக்ட்ரான்கள் பழைய இடத்தில் நிற்பதில்லை. தாண்டிச் சென்று மறுபடி இழுபடும். இப்படியே ஓர் அதிர்வு எழும். இந்த அதிர்வு நொடிக்கு எத்தனை முறை என்பது, ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை எலக்ட்ரான்கள் இருக்கின்றன என்பதை மட்டுமே பொறுத்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியில் தேவைப்படும்.

சூட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குழல் விளக்குக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான். அதிலுள்ள எலக்ட்ரான்களின் வெப்பநிலை ஏறத்தாழ 11,000 டிகிரி. ஆனால் கண்ணாடியைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். எலக்ட்ரான் மிக இலேசானது. கனமான அணுவின் மேல் மோதும்போது தன் ஆற்றலில் சிறு துளியையே விட்டுக்கொடுக்கும். ஆகவே ஒரே குழாய்க்குள் சூடான எலக்ட்ரான்களும் குளிர்ந்த வாயுவும் அருகருகே வாழ்கின்றன. "இதன் வெப்பநிலை என்ன?" என்று ஒருவர் கேட்டால், "எதனுடைய வெப்பநிலை?" என்று நாங்கள் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

நான் முதன்முதலில் பார்த்தது ஹைட்ரஜன் பிளாஸ்மா. ஆய்வகத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு, கலத்தின் பக்கவாட்டுக் கண்ணாடிச் சாளரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தேன். இளஞ்சிவப்பு நிறம், அசையாமல் நின்றது. எங்களோடு இருந்த மூத்த தொழில்நுட்பர் ஒருவர் அந்த நிறத்தைப் பார்த்தவுடன், "உள்ளே காற்று வருகிறது" என்றார். ஹைட்ரஜனின் சிவப்பில் மெல்லிய ஊதா கலந்திருப்பதை அவர் கண்கள் கண்டுவிட்டன. அந்த ஊதா நைட்ரஜனுடையது. கலத்தின் இணைப்புகள்மீது ஒவ்வொன்றாக ஹீலியத்தைப் பீய்ச்சி, கசிவு காட்டும் கருவியின் முள் எப்போது எகிறுகிறது என்று நாள் முழுதும் தேடினோம். கடைசியில் ரப்பர் வளையத்தின் குறுக்கே ஒற்றைத் தலைமுடி கிடந்தது. நிறம் என்பது வெறும் அழகு அன்று, அதுவும் ஓர் அளவீடு என்று அன்று கற்றுக்கொண்டேன்.

கேள்வி: இரத்தத்தில் இருக்கும் பிளாஸ்மாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: பொருளளவில் இல்லை, பெயரளவில் உண்டு. 1928இல் அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்மியூர் இந்தப் பெயரை வைத்தார். இரத்தத்தின் பிளாஸ்மா இரத்த அணுக்களைச் சுமந்து செல்வதுபோல, தன் குழாய்க்குள் இருந்த மின்மப் பாய்மம் எலக்ட்ரான்களையும் அயனிகளையும் சுமந்து செல்கிறது என்று அவர் நினைத்ததாக, உடன் பணிபுரிந்த மாட்-ஸ்மித் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். மேலே சொன்ன எலக்ட்ரான் அதிர்வை ஆராய்ந்தவரும் லாங்மியூர்தான். பிளாஸ்மாவுக்குள் மெல்லிய உலோகக் கம்பியின் முனையை நீட்டி, அது வாங்கும் மின்னோட்டத்தைக் கொண்டு வெப்பநிலையையும் அடர்த்தியையும் அளக்கும் முறைக்கும் அவர் பெயர்தான். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி அந்தக் கம்பியோடு கழிந்தது.

கேள்வி: தீச்சுடர் பிளாஸ்மாவா?

பதில்: எளிய சுடரில் அயனிகள் உண்டு, ஆனால் மிகக் குறைவு. அதைப் பிளாஸ்மா என்று அழைக்க நான் தயங்குவேன். மின்னல் ஐயமின்றிப் பிளாஸ்மா. அதன் பாதையில் வெப்பநிலை 30,000 டிகிரியை எட்டும்.

கேள்வி: சூரியன் பிளாஸ்மா என்கிறீர்கள். அங்கே போகாமலேயே எப்படித் தெரிந்தது? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: இந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கிடைத்த வாய்ப்புக்காக உங்களுக்கு நன்றி. இதில் இரண்டு இளைஞர்கள் வருகிறார்கள்.

சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தால் நிறமாலையில் ஆயிரக்கணக்கான கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்குரிய கோடுகள் உண்டு. ஆனால் சில தனிமங்களின் கோடுகள் அழுத்தமாகவும் வேறு சிலவற்றின் கோடுகள் மங்கலாகவும் இருப்பது ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. 1920இல் 26 வயது மேகநாத் சாகா அதற்கு ஒரு சமன்பாடு தந்தார். வெப்பநிலையும் அழுத்தமும் தெரிந்தால், ஒரு தனிமத்தின் அணுக்களில் எத்தனை பங்கு எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று அது சொல்லிவிடும். வெப்பநிலை உயர்ந்தால் இழப்பு கூடும், இது எளிதில் புரியும். அழுத்தம் குறைந்தாலும் கூடும் என்பதுதான் நுட்பம். கூட்டம் குறைவான இடத்தில், பிரிந்துபோன எலக்ட்ரானுக்குத் திரும்பிச் சேர ஓர் அயனி எளிதில் அகப்படாது. சூரியனின் உயர்ந்த, மெல்லிய அடுக்கில் அயனியான கால்சியம் ஏன் அத்தனை தெளிவாகத் தெரிகிறது என்ற புதிர் அதோடு அவிழ்ந்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1925இல், சிசிலியா பெய்ன் என்ற 25 வயதுப் பெண் சாகாவின் சமன்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு விண்மீன்களின் நிறமாலைகளைக் கணக்கிட்டார். விண்மீன்களில் ஹைட்ரஜனும் ஹீலியமும் மற்ற எல்லாவற்றையும்விடப் பன்மடங்கு மிகுதி என்று விடை வந்தது. விண்மீன்களும் பூமியைப் போன்ற கலவையே என்று நம்பிய காலம் அது. பெரும் புகழ்பெற்ற வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரசல் ஏற்க மறுத்ததால், இந்த மிகுதி பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்று தம் ஆய்வேட்டிலேயே எழுத வேண்டிய நிலை அவருக்கு வந்தது. 1929இல் ரசல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். தம் கணக்கு சரி என்று தெரிந்திருந்தும் அந்த வரியை எழுதிய பெய்னை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். நம் கண்ணுக்குத் தெரியும் சூரிய மேற்பரப்பில், ஏறத்தாழ 5,800 கெல்வினில், ஹைட்ரஜன் அணுக்களில் பதினாயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் எலக்ட்ரானை இழந்திருக்கும். அதற்கு உள்ளேயும் வெளியேயும்தான் பிளாஸ்மா முழுமை பெறுகிறது.

கேள்வி: அடுப்பிலிருந்து விலகினால் சூடு குறைய வேண்டும். சூரியனின் மேற்பரப்பைவிட அதைச் சூழ்ந்த கொரோனா என்ற வெளி அடுக்கு எப்படிப் பல மடங்கு சூடாக இருக்கிறது?

பதில்: 1869இல் முழு சூரிய கிரகணத்தின்போது கொரோனாவின் ஒளியில் ஒரு பச்சைக் கோடு காணப்பட்டது. தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் அது பொருந்தாததால், 'கொரோனியம்' என்று ஒரு புதிய தனிமத்தையே கற்பனை செய்தார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து ஜெர்மனியின் குரோட்ரியானும் சுவீடனின் எட்லேனும் முடிச்சை அவிழ்த்தார்கள். அது புதிய தனிமம் அன்று, நமக்குப் பழக்கமான இரும்புதான். தன் 26 எலக்ட்ரான்களில் 13ஐ இழந்த இரும்பு. அத்தனை எலக்ட்ரான்களைப் பிடுங்க வேண்டுமென்றால் அங்கே வெப்பநிலை பத்து இலட்சம் டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும்.

அந்தச் சூடு அடுப்பின் அனல்போல் பரவி வருவதன்று. காந்தப்புலத்தின் வழியாக ஏற்றப்படுவது. சூரியனின் கொதிக்கும் மேற்பரப்பு காந்தப்புலக் கோடுகளின் அடிப்பகுதியை ஓயாமல் ஆட்டிக்கொண்டும் முறுக்கிக்கொண்டும் இருக்கிறது. இழுத்துக் கட்டிய தந்தியில் அலை ஓடுவதுபோல அந்தக் கோடுகளில் அலைகள் ஓடும். 1942இல் ஹானஸ் ஆல்வேன் கணித்த அலைகள் இவை. 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு வழி, அளவு மீறி முறுக்கப்பட்ட கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைந்துகொள்வது. அப்போது தேங்கிய ஆற்றல் வெப்பமாக வெளிப்படும். அலைகளின் பங்கு எவ்வளவு, அறுந்திணைவதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை.

இவ்வளவு சூடான கொரோனாவைச் சூரியனின் ஈர்ப்பால் கட்டிவைக்க முடியாது, அது ஓயாமல் வெளியே வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்று 1958இல் யூஜின் பார்க்கர் எழுதினார். கட்டுரையை ஆய்ந்த இருவரும் நிராகரிக்கச் சொன்னார்கள். 'ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்' இதழின் ஆசிரியராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகருக்கும் அந்தக் கருத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் கணக்கில் பிழை காட்ட யாராலும் முடியவில்லை என்பதால் வெளியிட்டுவிட்டார். 1962இல் வெள்ளியை நோக்கிச் சென்ற மரினர் 2 விண்கலம் சூரியக் காற்றை நேரடியாக அளந்தது. 2018இல் தம் பெயரைத் தாங்கிய விண்கலம் சூரியனை நோக்கிப் புறப்படுவதைப் பார்க்கும் பேறும் பார்க்கருக்குக் கிட்டியது. 2024 டிசம்பர் 24 அன்று அது சூரியப் பரப்பிலிருந்து 61 இலட்சம் கிலோமீட்டர் தொலைவுவரை நெருங்கியது.

கேள்வி: சூரியனின் மையத்தில் 1.5 கோடி டிகிரிதான். பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் என்ற அணுக்கரு இணைவு இயந்திரத்துக்கு 15 கோடி டிகிரி வேண்டுமாம். சூரியனுக்குப் போதுமானது நமக்கு ஏன் போதவில்லை? அதை எந்தப் பாத்திரம் தாங்கும்? (பொறியாளர் ஒருவர்)

பதில்: அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணையும்போது ஆற்றல் வெளிப்படும். சூரியன் எரிவது இந்த இணைவால்தான். ஆனால் அது மிக நிதானமான உலை. அதன் மையத்தில்கூட ஒரு கன மீட்டருக்கு 300 வாட்டுக்கும் குறைவாகவே வெப்பம் பிறக்கிறது. கன அளவுக்குக் கணக்கிட்டால் மனித உடல் அதைவிட அதிகம் தரும். இரண்டு புரோட்டான்கள் இணையும்போது, அந்தக் கணத்திலேயே அவற்றில் ஒன்று நியூட்ரானாக மாற வேண்டும். அது அத்தனை அரிதாக நிகழ்வதால் ஒரு புரோட்டான் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது. சூரியனுக்குப் பருமன் இருக்கிறது, காலமும் இருக்கிறது. நமக்கு இரண்டும் இல்லை.

ஆகவே நாம் ஹைட்ரஜனின் கனமான உறவினர்களான டியூட்டீரியத்தையும் டிரிட்டியத்தையும் எடுத்துக்கொள்கிறோம். நியூட்ரான்கள் அவற்றில் ஏற்கனவே இருப்பதால் இணைவு எளிது. இணைந்தால் ஒரு ஹீலியம் அணுக்கருவும், ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கைச் சுமந்துகொண்டு ஒரு நியூட்ரானும் பிறக்கும். ஆனால் சூரிய மையத்தின் நெருக்கத்தை நம்மால் உண்டாக்க முடியாது. காந்தப்புலத்தில் நாம் நிறுத்தும் பிளாஸ்மா, நாம் சுவாசிக்கும் காற்றைவிட இலட்சம் மடங்குக்கும் மேல் மெல்லியது. நெருக்கத்தில் இழந்ததை வேகத்தில் ஈடுகட்டத்தான் அந்த 15 கோடி டிகிரி.

பாத்திரத்துக்கு வருவோம். ஈட்டரின் 840 கன மீட்டர் பிளாஸ்மாவின் மொத்த எடை ஒரு கிராமுக்கும் குறைவு. ஆகவே முதல் கவலை சுவர் உருகுவது அன்று. சுவரைத் தொட்டால் பிளாஸ்மா நொடிப்பொழுதில் குளிர்ந்து அணைந்துவிடும். காந்தப்புலத்தில் மின்னூட்டத் துகள் நேராக ஓடாமல் கோட்டைச் சுற்றிச் சுருள் சுருளாக ஓடும்; வலிமையான புலத்தில் அயனியின் சுருள் சில மில்லிமீட்டர்தான். புலக்கோட்டை வளையமாக வளைத்தால் முனைகளே இல்லாமல் போகும். ஆனால் வளையத்தின் உட்பக்கம் புலம் வலிமையாகவும் வெளிப்பக்கம் மெலிந்தும் இருப்பதால் துகள்கள் மெல்ல ஒதுங்கிச் சுவரை அடைந்துவிடும். கயிறு திரிப்பதுபோல் புலக்கோடுகளை முறுக்கிவிட்டால் இந்த ஒதுங்கல் ஈடாகிவிடும். பிளாஸ்மாவுக்குள்ளேயே பெரும் மின்னோட்டத்தைச் செலுத்தி அந்த முறுக்கைத் தருவதே டோக்கமாக். 1950களில் சோவியத் நாட்டில் இகோர் தாம், ஆந்திரே சகாரோவ் என்ற இரு இயற்பியலாளர்கள் தந்த கருத்து.

அந்த மின்னோட்டம்தான் உதவியும் உபத்திரவமும். அளவு மீறினால் பிளாஸ்மா முழுவதும் பாம்புபோல் நெளிந்து சரிந்துவிடும். நான் பணியாற்றிய சிறிய இயந்திரத்தில் ஒரு ஷாட், அதாவது ஒருமுறை பிளாஸ்மாவை உண்டாக்கி நிறுத்துவது, முப்பது மில்லிநொடி நீடித்தாலே நல்ல நாள். சரிந்தால் கலம் 'டம்' என்று அதிரும். அந்த ஓசை கேட்டதும் கட்டுப்பாட்டு அறையில் ஒருவரும் பேசமாட்டோம். குறிப்பேட்டில் ஷாட் எண்ணை எழுதி, எதிரே ஒரு குறுக்குக்கோடு போடுவோம். பெரிய இயந்திரங்களில் அதே சரிவு சுவரின் பரப்பை உருக்கிவிடவும் கூடும். சூரியனில் பெருவெடிப்பாகத் தெறிக்கும் அதே முறுக்கும் அறுந்திணைவும்தான் இங்கே எங்களுக்கு எதிராக வேலை செய்கிறது.

கேள்வி: 2022லேயே இணைவில் செலவிட்டதைவிட அதிக ஆற்றல் கிடைத்துவிட்டது என்றார்கள். பின் ஏன் மின்சாரம் வரவில்லை? எங்களை ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்றவில்லை. ஆனால் எந்தச் செலவு, எந்த வரவு என்று நீங்கள் கேட்டே ஆக வேண்டும். 2022 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவில் 192 லேசர் கற்றைகள் ஒரு சிறு எரிபொருள் இலக்கின் மேல் 2.05 மெகாஜூல் ஆற்றலைச் செலுத்தின. வந்தது 3.15 மெகாஜூல். பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனால் அந்த லேசர்களை இயக்க மின்வலையிலிருந்து எடுத்தது ஏறத்தாழ 300 மெகாஜூல். இரண்டு கணக்கும் உண்மை.

இங்கிலாந்தின் ஜெட் டோக்கமாக் 2023 அக்டோபரில், மூடப்படுவதற்குச் சற்று முன், ஒரே ஷாட்டில் 69 மெகாஜூல் தந்தது. எரிந்தது 0.2 மில்லிகிராம் எரிபொருள். அந்த ஆற்றல் இருநூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். ஆனால் அதுவும் பிளாஸ்மாவைச் சூடேற்றச் செலவிட்டதைவிடக் குறைவு. 50 மெகாவாட் வெப்பத்தை உள்ளே கொடுத்து 500 மெகாவாட் பெறுவதே ஈட்டரின் இலக்கு. அதுவும் மின்சாரம் தயாரிக்கும் நிலையம் அன்று.

எண்களைக் கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. 1958 ஜனவரியில் இங்கிலாந்தில் ஜீட்டா என்ற இயந்திரத்தில் இணைவு நிகழ்ந்துவிட்டதாக அறிவித்தார்கள். நியூட்ரான்கள் வந்தது உண்மைதான். ஆனால் அவை சூட்டால் வந்தவை அல்ல. பிளாஸ்மாவின் நெளிவுகள் சில துகள்களை மட்டும் விரட்டி மோதவிட்டதால் வந்தவை. மே மாதத்தில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். பத்தாண்டுகள் கழித்து 1968இல் சோவியத்தின் ஆர்சிமோவிச், தங்கள் டி-3 டோக்கமாக் பிளாஸ்மாவை ஒரு கோடி டிகிரி அளவுக்குச் சூடாக்கியதாகச் சொன்னபோது மேற்குலகம் நம்பவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? பனிப்போரின் நடுவே, இங்கிலாந்தின் ஆய்வாளர்களையே, நீங்களே வந்து அளந்து பாருங்கள் என்று அழைத்தார். அவர்கள் லேசர் கருவியோடு மாஸ்கோ சென்று, பிளாஸ்மாவில் சிதறிவரும் ஒளியைக் கொண்டு எலக்ட்ரான்களின் வெப்பநிலையை அளந்தார்கள். 1969இல், சோவியத் ஆய்வாளர்கள் சொன்னது சரி என்று அறிவித்தார்கள். அதன்பிறகுதான் உலகமே டோக்கமாக் பக்கம் திரும்பியது. என் துறையில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்வு இதுதான்.

எந்த ஆண்டில் மின்சாரம் வரும் என்று சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன். இன்னும் செய்யவேண்டியவை எவை என்று சொல்வேன். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகளே என்பதால் அது இயற்கையில் சேர்ந்து கிடப்பதில்லை. உலையின் சுற்றுச்சுவரில் லித்தியத்தை வைத்து, நியூட்ரான்களைக் கொண்டு அதை அங்கேயே உண்டாக்க வேண்டும். அந்த நியூட்ரான்களின் தாக்குதலை ஆண்டுக்கணக்கில் தாங்கும் உலோகங்கள் வேண்டும். நொடிகளுக்கு அல்ல, நாள்கணக்கில் பிளாஸ்மா நிற்க வேண்டும். பிரான்சின் வெஸ்ட் டோக்கமாக் 2025 பிப்ரவரியில் 1,337 நொடிகள் நிறுத்திக்காட்டியது. அன்று நான் என் பழைய குறிப்பேட்டை எடுத்து, குறுக்குக்கோடு போட்ட ஷாட்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: இணைவு உலை குண்டுபோல் வெடிக்குமா?

பதில்: வெடிக்காது. எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது சில நொடிகளுக்கான எரிபொருள்தான். எது பிசகினாலும் பிளாஸ்மா குளிர்ந்து அணையும். ஆனால் டிரிட்டியம் கதிரியக்கம் உள்ளது, நியூட்ரான் பட்ட சுவர்களும் கதிரியக்கம் பெறும். அவற்றைப் பொறுப்போடு கையாளத்தான் வேண்டும்.

கேள்வி: வாயேஜர் 1 விண்கலம் சூரியனின் எல்லையைத் தாண்டிவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அங்கே எல்லைக்கல் ஏதும் இல்லையே! (பள்ளி மாணவர் ஒருவர்)

பதில்: சூரியக் காற்று வீசும் பகுதி முடிந்து, விண்மீன்களுக்கு இடையிலான பிளாஸ்மா தொடங்கும் இடம்தான் அந்த எல்லை. வெளியே உள்ள பிளாஸ்மா உள்ளே இருப்பதைவிடப் பல மடங்கு அடர்ந்தது. ஆகவே அடர்த்தியை அளந்தால் போதும். ஆனால் அதை அளக்க வேண்டிய கருவி வாயேஜர் 1இல் 1980லேயே பழுதாகிவிட்டது.

மிஞ்சியது இரண்டு பத்து மீட்டர் ஆன்டெனாக்கள். 2012 மார்ச்சில் சூரியனில் நிகழ்ந்த பெருவெடிப்பின் அதிர்ச்சி அலை பதின்மூன்று மாதங்கள் பயணம் செய்து, 2013 ஏப்ரலில் விண்கலத்தைச் சுற்றியிருந்த எலக்ட்ரான்களை அசைத்துவிட்டது. அவை நொடிக்கு 2,600 முறை அதிர்ந்ததை ஆன்டெனாக்கள் பிடித்தன. முதல் பதிலில் சொன்னேன் அல்லவா, அந்த அதிர்வு அடர்த்தியை மட்டுமே பொறுத்தது என்று. கணக்கிட்டால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.08 எலக்ட்ரான். சூரியக் காற்றில் அங்கே இருக்கக்கூடியதைப்போல் நாற்பது மடங்கு.

பழைய பதிவுகளைத் தேடியபோது, 2012 அக்டோபர், நவம்பரிலும் இதே போன்ற அதிர்வு மெலிதாகப் பதிவாகியிருந்தது. நொடிக்கு 2,200 முறை. இரண்டையும் வைத்து அடர்த்தி எப்படி ஏறிவந்தது என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, 2012 ஆகஸ்ட் 25ஐ எல்லை தாண்டிய நாளாகக் குறித்தார்கள். அந்த அதிர்வெண் மனிதக் காதுக்கு எட்டும் எல்லைக்குள் இருப்பதால், பதிவை ஒலியாக மாற்றி 2013 செப்டம்பரில் நாசாவின் செய்தியாளர் கூட்டத்தில் ஒலிக்கவும் செய்தார்கள். நானும் கேட்டேன்: தாழ்ந்த சுருதியில் ஒரு சீழ்க்கை, சற்று இடைவெளி, பின்பு சுருதி கூடிய இன்னொரு சீழ்க்கை.